ஆடிப்போன போட்டோ

"இதுக்குப் பேர் போட்டோவா? பதினாலு பேய் வரிசையா நிக்குது!"

போர்கில்ட் போட்ட சத்தத்தில், அடுப்படியில் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட கரண்டியோடு ஓடி வந்துவிட்டார்கள்.

எங்கள் தீவின் பாட்டுக் குழுவுக்கு இது வெள்ளிவிழா வருஷம். வருகிற சனிக்கிழமை கொண்டாட்டம். துருவ ஒளிக்குக் கீழே குழு மொத்தமும் நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்து, மண்டபத்துச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது தலைவி போர்கில்டின் ஆசை. எடுத்தவள் சுன்னிவா. எங்கள் ஊர்ப் பெண்தான். போன வருஷம் சொந்தமாக ஸ்டூடியோ போட்டாள்.

படத்தில் வானம் அற்புதம். பச்சையும் ஓரத்தில் இளஞ்சிவப்புமாக ஒளி மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. நட்சத்திரத்தை எண்ணிவிடலாம். கீழே நாங்கள்தான் கலங்கிப்போய் இருந்தோம். மூக்கு எது, வாய் எது என்று தெரியவில்லை.

எனக்கும் எரிச்சல்தான். அதற்காகவே நல்ல ஸ்வெட்டரைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு போய் நின்றவன் நான்.

"மூச்சுக்கூட விடாம நின்னோமே! அசையாதீங்க, அசையாதீங்கன்னு நீதானே உயிரை எடுத்தே? விசிலடிச்சா ஒளி கீழே இறங்கித் தூக்கிட்டுப் போயிடும்னு சொல்லி இந்த ஆம்பளைங்க வாயைக்கூட நான் பொத்தி வெச்சேன்!" என்று சுன்னிவா மேல் பாய்ந்தாள் போர்கில்ட்.

"கேமராவை எத்தனை செகண்ட் திறந்து வைக்கணும்கிற கணக்கு தப்பிப்போச்சு. தப்பு என்னோடதுதான்," என்றாள் சுன்னிவா, தலையைக் குனிந்துகொண்டு.

"வானம் தெளிவா இருக்கு. மனுஷங்க மட்டும் எப்படிம்மா ஆடுவாங்க?"

போர்கில்ட் மேலும் பொரிந்தாள்.

"மறுபடி எடுக்கலாம்னா வாரம் பூரா மேகம். உன்னை நம்பி, துறைமுக ஹோட்டல் காலண்டர் வேலைக்கு வேற சிபாரிசு பண்ணினேன் பாரு, என்னைச் சொல்லணும்! காலையில முதல் வேலையா போன் பண்ணி, இவ வேண்டாம்னுடறேன்."

சுன்னிவாவின் முகம் வெளுத்துவிட்டது. அந்தக் காலண்டர் கைவிட்டுப் போனால் ஸ்டூடியோவை மூடவேண்டியதுதான். ஊருக்கே தெரிந்த விஷயம். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேலை தெரியாதவளுக்காக யார் வாயைத் திறப்பது?

அப்போது ஓட்வார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் போனார். கடைசி வரிசை ஓரத்தில் நின்று கட்டைக் குரலில் பாடுகிறவர். கொஞ்ச நாளாகவே மனுஷன் கலகலப்பாக இல்லை. முதலில் தன்னைத் தேடிப் பார்த்தார். அப்புறம் ஒவ்வொருவராகப் பார்த்தார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"போர்கில்ட், உனக்கு மூணு மூக்கு!"

"உனக்கு மட்டும் என்ன வாழுதாம்? நாலு காது!"

"அதான் சொல்றேன். எல்லாரும் ஒரே மாதிரிதான் இருக்கோம். நல்லாத்தான் இருக்கு, மாட்டு!"

சொல்லிவிட்டு, பழுப்புச் சீஸ் வைத்த வாஃபிள் இரண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

போர்கில்ட் விடுகிற ஆளா? மறுநாள் மத்தியானம் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே ஸ்டூடியோவுக்குப் போனாள்.

"கேமராவுல விழுந்ததை அப்படியே கொடு. டிரோம்ஸோ டவுன்ல எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான். கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடுவான்."

"அது... இல்லைங்க. அழிச்சுட்டேன்."

"எந்தப் போட்டோக்காரி ஒரிஜினலை அழிப்பா? யாருக்குக் காது குத்தறே? தள்ளு!"

சுன்னிவா தடுக்கத் தடுக்க, போர்கில்டே மவுஸைப் பிடித்துத் தேடித் திறந்துவிட்டாள்.

நான் வாயைப் பிளந்துவிட்டேன். என் ஸ்வெட்டரின் பின்னல்கூடத் தெரிந்தது! போர்கில்டின் தோடு மின்னியது. பதின்மூன்று பேர் கல்லில் செதுக்கினது போல நின்றிருந்தோம்.

கடைசி வரிசை ஓரத்தில் ஓட்வார் மட்டும் கலங்கலாக இருந்தார். தலை எது, கை எது என்றே புரியவில்லை.

"எடுத்த எல்லாத்துலயும் இப்படித்தான்," என்றாள் சுன்னிவா மெல்ல. "அவருக்கு நடுக்க வியாதி ஆரம்பிச்சிருக்கு. யார்கிட்டயும் சொல்லலை. படம் எடுத்த அன்னிக்கு எல்லாரும் போனப்புறம் தனியா வந்தார். 'என்னால படம் கெட்டிருந்தா என்னை அழிச்சிடும்மா. இனிமே நான் பாடவே வரலை'ன்னார்."

போர்கில்டின் குரல் இறங்கிவிட்டது. "வேற ஒரு போட்டோலேர்ந்து அவர் மூஞ்சியை எடுத்து ஒட்டியிருக்கலாமே?"

"ஒட்டிப் பார்த்தேன். ஆனா தான் ஆடினது அவருக்குத் தெரியுமே! ஒட்டுப் போட்டிருக்குன்னு தெரிஞ்சதுமே உடைஞ்சு போயிடுவார். அதான்... வானத்தைத் தொடாம, மத்த பதிமூணு பேரையும் ஒவ்வொருத்தரா உக்காந்து கலங்கலா ஆக்கிட்டேன்."

திறந்த படத்தைப் போர்கில்டே மூடினாள். மூக்கை உறிஞ்சினாள். அப்புறம், காலையில் வேண்டாம் என்று சொன்ன அதே ஹோட்டலுக்கு மறுபடி போன் போட்டாள்.

"காலண்டர் சுன்னிவாவுக்குத்தான். காலையில நான் உளறினதை மறந்துடுங்க."

சனிக்கிழமை, மண்டபத்தில் படம் நடுநாயகமாகத் தொங்கியது. ஓட்வார் மற்ற கட்டைக் குரல்காரர்களோடு அதற்குக் கீழேயே நின்று கதையளந்துகொண்டிருந்தார். விருந்தாளியாக வந்த பாஸ்டர் படத்தை உற்றுப் பார்த்தார்.

"இதென்ன, எல்லாரும் இப்படி ஆடியிருக்கீங்க? யார் பண்ணின வேலை?"

எனக்குத் திக்கென்றது. சுன்னிவா வாயைத் திறப்பதற்குள் போர்கில்ட் முந்திக்கொண்டாள்.

"அன்னிக்கு என்ன குளிர் தெரியுமா, பாஸ்டர்? நாங்க எல்லாருமேதான் நடுங்கினோம்!"