எண்பத்து நாலு கேள்விகள்

வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததும், உடுத்திய துணியோடு முகாமுக்கு ஓடி வந்திருந்தார்கள் அந்தத் தம்பதி. இருவரும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் போர்வைகள் குவிந்திருந்தன. முன்னால் ஓர் இளம்பெண் கேள்வித்தாளோடு உட்கார்ந்திருந்தாள்.

"மொத்தம் எண்பத்து நாலு கேள்வி சார். முடிச்சதும் ஆளுக்கொரு போர்வை."

"முதல்ல போர்வையக் குடும்மா. இவளுக்கு உடம்பு அனலாக் கொதிக்குது."

"முடிச்ச பிறகுதான் குடுக்கணும்னு இதுல போட்டிருக்கு சார்."

வேறு வழியில்லாமல் கணவர் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். இருபத்தேழாவது கேள்வியை அவள் வாசித்தாள்.

"வெள்ளம் வீட்டினுள் நுழைந்த தருணத்தில் தங்கள் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் அளிப்பீர்கள்?"

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கழுத்தளவு தண்ணியில நிக்கிறவன் மார்க்கா போட்டுக்கிட்டிருப்பான்?"

"ஏழுன்னு எழுதிக்கட்டுமா சார்?"

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தக் கேள்வியெல்லாம் எழுதினதே இவர்தாம்மா! நகர வெள்ள ஆராய்ச்சின்னு ரெண்டு வருஷம் ஏசி ரூம்ல உக்காந்து எழுதினார்."

அந்தப் பெண் சட்டென்று எழுந்து நின்றாள். "புரொஃபசர் சாரா நீங்க?"

அவருக்கு உயிர் வந்தது. போர்வைக்குக் கை நீட்டினார்.

"மன்னிச்சுக்கங்க சார். பதில் சொல்றவர் பதவியச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தா, மறுபடி ஒண்ணாம் கேள்வியிலேர்ந்து ஆரம்பிக்கணும்னு கடைசிப் பக்கத்துல நீங்களே எழுதியிருக்கீங்க."

மனைவி மேசையைச் சுற்றிப் போய், ஒரு போர்வையை உருவிப் போர்த்திக்கொண்டாள்.

"எழுதினவரே உக்காந்து பதில் சொல்லட்டும். நான் தூங்கப் போறேன்."