எடை குறைவு

"ராத்திரி தூங்குறியாம்மா?" என்று கேட்டார் கிராம நர்ஸ் சுந்தராம்பாள்.

பாண்டிச்செல்வி வாயைத் திறப்பதற்குள் அவள் கணவன் உச்சிமாகாளி முந்திக்கொண்டான். "அவளுக்கு என்ன நர்சம்மா, வீட்லதான இருக்கா. நல்லாத் தூங்குதா."

"அழுவாச்சி எதுனா வருதா?"

"புள்ளதான் அழுது. இவ எதுக்கு அழப்போறா?"

குழந்தை பிறந்த இந்த இரண்டு மாதமாக, ஒரகடத்தின் அந்த ஒற்றை அறையில் அவளுக்கான பதில்களை எல்லாம் அவன்தான் சொல்லிக்கொண்டிருந்தான். பாண்டிச்செல்வி சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இவளை ஒரு டாக்டர்கிட்ட காட்டணும்பா."

"எதுக்கு? கிறுக்குன்னு ஊர்ல பேசவா? எனக்கு கம்பெனி பஸ் வந்துரும், நர்சம்மா."

சுந்தராம்பாள் குழந்தையைத் தராசில் தொங்கவிட்டார். முள்ளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இன்னாப்பா இது, எடை ஏறவே இல்ல! இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

உச்சிமாகாளி பதறிப்போனான். ஓடிப்போய் ஆட்டோ பிடித்துவந்தான். "நீங்க முன்னால போங்க. நான் லீவு சொல்லிட்டுப் பின்னாலயே வாரேன்."

ஆட்டோ தெருமுனை திரும்பியதும் பாண்டிச்செல்வி உடைந்துபோனாள். "எல்லாம் என்னாலதான். எனக்குப் புள்ள வளக்கத் தெரியல."

"புள்ளைக்கு ஒண்ணுமில்ல. நாலரை கிலோ. கல்லுகுண்டாட்டம் கீது."

"அப்ப ஆஸ்பத்திரி யாருக்கு?"

"உனக்குத்தான். உனக்குன்னு சொல்லியிருந்தா உன் வூட்டுக்காரரு ஆட்டோ புடிச்சாந்திருப்பாரா?"

பாண்டிச்செல்வி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு முதல்முறையாகத் தானே பதில் சொன்னாள்.

"மொட்டமாடிக்குப் போனா குதிச்சிரலாம்னு தோணுதுக்கா. தெனமும்."

சுந்தராம்பாள் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் வேகமாப் போப்பா" என்றார் ஆட்டோக்காரரிடம்.