போயாச்சு

“ஏளா, முடியாதுன்னு எழுதுறதுக்கா உனக்குச் சம்பளம்?”

ஆவுடையப்பன் சார் போட்ட சத்தத்தில் அடுத்த மேசை ஷாம்கூடக் கீபோர்டைத் தட்டுவதை நிறுத்திவிட்டான். சந்தனச்செல்விக்குக் காதெல்லாம் சூடேறியது.

விஷயம் இதுதான். பெரியதாழை மீன்பிடி வள்ளக்காரர்களுக்காக அந்த ஆபீஸில் ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தார்கள். காற்று, கடல் எச்சரிக்கையெல்லாம் கரையிலிருந்து ரேடியோவில் சுருக்கிய ஒலியாக வரும். பெட்டி அதை விரித்து வள்ளத்தில் உரக்கச் சொல்லும்.

விரித்துக் கொடுக்க, லைப்ரரி என்று யாரோ எழுதி வைத்த ரெடிமேட் புரோகிராம் ஒன்று இருக்கிறது. ஆனால் அது சும்மா செய்துவிடாது, கேள்வி கேட்கும். ஒலியின் அடுத்த துண்டைக் கொடு என்னும். கடைசிக்குப் போ என்னும். இப்போது எங்கே நிற்கிறாய் என்னும். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் நாம் எழுதிக் கொடுக்கும் குட்டிப் புரோகிராமுக்குப் பெயர்தான் கால்பேக்.

செல்வி ஒன்று எழுதியிருந்தாள், ஷாம் ஒன்று எழுதியிருந்தான். யாருடையது தேறுகிறதோ அவருக்கு வேலை நிரந்தரம். தேறாத ஆள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். செல்வி மூட்டை கட்டினால் சென்னைக்குத்தான் போக வேண்டும். சொந்த ஊர் ஏரலில் அம்மா ஒண்டியாகக் கிடப்பாள்.

“கடைசிக்குப் போன்னு கேட்டா, உன்னோடது மைனஸ் ஒண்ணுங்குது. அப்படின்னா என்ன?”

“முடியாதுன்னு அர்த்தம் சார். ரேடியோல வர்ற சத்தம். இன்னும் வராத சத்தத்தோட கடைசிக்கு எப்படிப் போறது?”

“ஷாமோடது மட்டும் சைபருங்குது? போயாச்சுங்குதுல்லா?”

“போகல சார். போயாச்சுன்னு சொல்லுது, அவ்வளவுதான்.”

“வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல. ரெண்டையும் பெட்டியில போடு, பாத்துருவோம்.”

முதலில் ஷாமுடையது. பெட்டி கம்மென்று இருந்தது. ஒரு கரகரப்புகூட இல்லை. ‘ஒலியைத் திறக்க முடியவில்லை’ என்று கம்ப்யூட்டரில் சிவப்பாக வந்து நின்றது. ஷாம் சீலிங் ஃபேனைப் பார்த்தான்.

அடுத்து செல்வியுடையது. “மன்னார் வளைகுடாவில் பலத்த காற்று வீசும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.” பெட்டி போட்ட போட்டில் வாசலில் நின்ற வாட்ச்மேன் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“எப்படிம்மா?” என்றார் சார். ‘ஏளா’ போய் ‘அம்மா’ வந்திருந்தது.

“கடைசிக்குப் போன்னா ஷாமோடது போயாச்சுங்குது. எங்க நிக்கேன்னா கடைசியிலங்குது. நம்பித் தேடிப் பாத்தா அங்க கடைசியைக் காணோம். இவன் பேச்சு ஆகாதுன்னு லைப்ரரி கதவைச் சாத்திருது. முடியாதுன்னு சொல்லிட்டா, சரி, வர்றதை வர்றபடியே கொடுன்னு வாங்கிக்கிடும் சார்.”

ஆவுடையப்பன் சார் எழுந்தே நின்றுவிட்டார்.

“கேட்டியாலே ஷாம்! உக்காந்த எடத்துல உக்காந்துக்கிட்டு போயாச்சுங்கிறியே, வெக்கமா இல்ல? பொய் சொன்னா மிஷினே மதிக்க மாட்டேங்கு, மனுசன் மதிப்பானா? முடியாததை முடியாதுன்னு சொல்லுததுக்கு ஒரு தைரியம் வேணும்லே! செல்வி, வேலை உனக்குத்தான்.”

வாட்ச்மேன் ஓடிப்போய் ஒரு டப்பா முந்திரி மக்ரூன் வாங்கி வந்தார். சார் தன் கையாலேயே டப்பாவைத் திறந்து செல்வி முன்னால் வைத்தார். அம்மாவுக்கு இப்போதே ஃபோன் போடலாமா, மத்தியானம் போடலாமா என்று அவள் சந்தோஷத்தில் தவித்தாள்.

அதற்குள் ஆபீஸ் ஃபோன் அடித்தது. பெரியதாழை மெல்வின் அண்ணாச்சி. வள்ளக்காரர் சங்கத் தலைவர். இன்றைக்குப் பெட்டியெல்லாம் வந்துவிடும் என்று சார் அவரிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார். பெட்டிகளோ புரோகிராம் ஏறாமல் மூலையில் அடுக்கிக் கிடந்தன.

“செல்வி, நீ எடு. பொம்பளப் பிள்ளை குரலுன்னா ஏச மாட்டாரு. வண்டி கெளம்பியாச்சு, திருச்செந்தூர் தாண்டியாச்சுன்னு சொல்லு.”

செல்வி எடுத்தாள்.

“வண்டி எங்கன வருது மக்கா?”

செல்வி மூலையைப் பார்த்தாள். சார் கையை வீசி வீசித் தாண்டியாச்சு, தாண்டியாச்சு என்று ஜாடை காட்டினார்.

“இன்னும் கெளம்பல அண்ணாச்சி. பெட்டியெல்லாம் இங்கனதான் இருக்கு. இன்னைக்கு முடியாது. நாளைக்குக் கண்டிப்பா வரும்.”

அந்தப் பக்கம் மெல்வின் பெருமூச்சு விட்டார்.

“ஒளிக்காமச் சொன்னியே, நல்லாருப்ப. பெட்டியை மாட்டிக்கிட்டுத்தான் வள்ளம் இறக்கணும்னு பயலுவ கரையிலயே காத்துக் கெடக்கானுவ. வீட்டுக்குப் போவச் சொல்லிருதேன். நாளைக்கே வரட்டும்.”

செல்வி நிம்மதியாக ஃபோனை வைத்தாள். “அண்ணாச்சி கோவப்படல சார். நாளைக்கே வரட்டும்னுட்டாரு.”

ஆவுடையப்பன் சார் அவளையே உற்றுப் பார்த்தார்.

“நான் என்ன சொல்லச் சொன்னேன், நீ என்ன சொன்னே?”

“சார், நீங்கதான இப்ப...”

“அது மிஷின். இது யாவாரம். கஸ்டமர்கிட்ட முடியாதுங்கிற ஆளை வச்சுக்கிட்டு நான் கடையை நடத்துனாப்பலதான்.”

மக்ரூன் டப்பா செல்வியின் முன்னாலிருந்து நகர்ந்து ஷாமின் மேசைக்குப் போனது. ஏரலுக்குப் போட வேண்டிய ஃபோனில் இனி என்ன சொல்வது?

“ஷாம், வேலை உனக்குத்தான். இனிமே ஃபோனையும் நீயே எடு. செல்வி எழுதினதை எல்லாப் பெட்டியிலயும் இன்னைக்கே ஏத்திரணும், புரியுதா?”

ஷாம் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. டப்பாவுக்குள் கையை விட்டபடி சொன்னான்.

“ஏத்தியாச்சு சார்.”