எஃபிஷியன்ட் மாப்பிள்ளை

மாப்பிள்ளைப் பொடியனிடம் ஏதோ கோளாறு இருக்கிறதென்று றெமிஜியசுக்கு உறுதியாகிவிட்டது. இல்லாவிட்டால் லண்டன் தரகர், "பொடியன் பேர் யோஹான், ஆள் வெரி எஃபிஷியன்ட்" என்று ஏன் சொல்லவேணும்? குடிகாரனைக் 'கலகலப்பானவன்' என்றும், வேலைவெட்டி இல்லாதவனை 'வீட்டோடை பாசமானவன்' என்றும் சொல்லித் தலையில் கட்டின மனுசன் அவர்.

பின்னேரத்துக்குள் தரகருக்குப் பதில் சொல்லவேண்டும். போனில் தேடியபோது 'திறமையான' என்று வந்தது. எதிலே திறமை என்று போனுக்கும் தெரியவில்லை.

தமிழ்க்கடைத் தெருவான லாச்சப்பலில் பலசரக்குக்கடைப் பாலச்சந்திரன் தன் புது பிரிட்ஜில் ஒட்டியிருந்த பச்சைத் தாளைக் காட்டினார். "இதுதான் அண்ணை எஃபிஷியன்ட். கரண்டைக் குறைச்சுத்தான் குடிக்கும்." அப்போ பொடியனும் குறைச்சுத்தான் குடிப்பான் என்று றெமிஜியசுக்குப் பாதி ஆறுதல்.

சலூன்காரரோ, வாயை மூடிக்கொண்டு மளமளவென்று தலைகளை முடித்து அனுப்புவதுதான் எஃபிஷியன்ட் என்றார். அதை விளக்கத் தொடங்கியவர் நிறுத்துகிற வழியாயில்லை. நேரம் போகிறதென்று றெமிஜியஸ் ஒரு கன்னம் மட்டும் வழித்த முகத்தோடு றெயின் ஏறினார்.

பியர்ஃபித் வீட்டில் மகள் றொஷானி கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். முன்பு வந்த மாப்பிள்ளைமாரின் படங்களுக்கெல்லாம் மூக்கைச் சுழித்தவள், யோஹானின் படத்தை மட்டும் கேட்கவேயில்லை. பெட்டைக்கு ஒருவழியாய்ப் புத்தி வந்துவிட்டதென்று தாய்க்கும் தகப்பனுக்கும் நிம்மதி.

"பிள்ளை, எஃபிஷியன்ட் எண்டால் என்ன?"

அவள் தகப்பனின் அரைத் தாடியை ஒருமுறை பார்த்தாள். "நேரத்தை வீணாக்காமல் காரியத்தை முடிக்கிறது, அப்பா."

"அர்த்தம் எல்லாரும் சொல்லினம். ஒரு வசனத்திலை வைச்சுச் சொல்லு, அப்பத்தான் பிடிபடும். எனக்கெண்டால் இவனிலை நம்பிக்கை இல்லை. வேண்டாமெண்டு சொல்லப்போறன்."

சொன்னபடியே தரகரின் நம்பரைத் தேடத் தொடங்கினார். றொஷானி கோப்பையை மெல்ல மேசையில் வைத்தாள்.

"யோஹான் நல்ல எஃபிஷியன்ட் அப்பா, போன சனிக்கிழமையே எங்கடை கலியாணத்தை மெரி ஒஃபிசிலை பதிஞ்சு முடிச்சிட்டார்."