இரண்டாவது அடுக்கு

தாராவிச் சந்தில், தகரக்கூரையின் ஓட்டை வழியே விழும் வெயிலில், அந்த அலைச்சறுக்குப் பலகை கிடக்கிறது. இசக்கியும் மகேஷ்குமாரும் இளவட்டத்தில் தாங்களே செய்தது. லோக்கல் ரயில் படியில் தொற்றுவதுபோல் இருவரும் ஒன்றாக ஏறி நின்றதில் நடுவே மடிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. இசக்கி அதன்மேல் கண்ணாடியிழைத் துணியை விரித்து ரெசின் பசையைத் தடவுகிறான். வெள்ளைத் துணி ஈரத்தைக் குடித்துக் கண்ணாடியாக, அடியில் பழைய நீலப் பெயின்ட் துலங்குகிறது. முலுண்டிலிருந்து வந்திருக்கும் மகேஷ்குமார் நெடி தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறான்.

“ஒரு அடுக்கு போதாதாலே? எனக்குத்தான் முட்டி போச்சே. இனிமே நீ மட்டுந்தான ஏறப்போற?”

இசக்கி நிமிராமல் இன்னொரு துணியை வெட்டுகிறான்.

“ரெண்டு பேரு நிக்கதுக்குத்தாம்ல போடுதேன். அந்த நுனியப் பிடி.”

மகேஷ்குமார் மூக்கிலிருந்து கையை எடுக்கிறான்.