இரண்டு கிண்ணங்கள்

கிண்ணத்துக்கு ஒன்றாக உருண்ட இரண்டு கம்பளி நூலுருண்டைகளின் இழைகளை ராட்டையில் ஒன்றாகச் சேர்த்து முறுக்கிக்கொண்டிருந்தாள் ஹதாவ். சர்க்கரைக் கட்டியைக் கன்னத்தில் அடக்கித் தேநீர் குடித்தபடி நாத்தனார் ஷ்னோ வம்பளந்தாள்.

"எனக்கு எப்பவும் ஒரு உருண்டை முதல்ல தீர்ந்து இன்னொண்ணு மீந்துடும் அண்ணி. உங்களுக்கு எது மிஞ்சுதுன்னு பார்ப்போம்."

"பார்ப்போம்."

"மலைக்கு ஆடு மேய்க்கப் போன எங்கண்ணன், கோடைகாலம் முழுக்க ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிச்சானா? உங்களை மறந்தே போயிருப்பான்."

ஹதாவ் சக்கரத்தை மட்டும் சுற்றினாள்.

உருண்டைகள் தீர்ந்து, இரண்டு இழைகளின் கடைசி நுனிகளும் ஒன்றாகவே அவள் விரலைவிட்டு நழுவின.

ஷ்னோ தேநீரைக் கீழே வைத்தாள். "அளந்து நூத்தீங்களா?"

"எப்படி அளக்கிறது? ஒண்ணுதான் நான் நூத்தது. இன்னொண்ணு உங்கண்ணன் ஆட்டுக்குப் பின்னால நடந்துகிட்டே தக்களியில நூத்தது. காலையிலதான் வந்து சேர்ந்துச்சு."

எதிலாவது மிச்சம் இருக்கிறதா என்று ஷ்னோ இரண்டு கிண்ணங்களுக்குள்ளும் கைவிட்டுத் துழாவிப் பார்த்தாள்.