தொண்ணூற்றிரண்டு பேருக்கு ஒருத்தி

1952. தீவின் தலைநகர் போர்ட் லூயியில், கல்வி அலுவலக அதிகாரி முஸ்யே க்ளெமான், எதிரே உட்கார்ந்திருந்த தனலட்சுமியின் மனுவைப் படித்து முடித்தார். செமின் கிரனியே கிராமப் பள்ளியில் தொண்ணூற்றிரண்டு பிள்ளைகளுக்கு அவள் ஒருத்திதான் ஆசிரியை.

"கஜானா காலி, மதாம். அடுத்த வருஷம் வேணும்னா உதவிக்கு ஒரு அரைநாள் ஆசிரியை தரலாம்."

தனலட்சுமி வாயைத் திறந்தாள். ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

"கோபம் புரியுது. சரி, இந்த வருஷமே அனுப்புறேன்."

அவள் குனிந்து காலடியில் இருந்த பையை எடுத்தாள்.

"எழுந்திரிக்காதீங்க, மதாம். நீங்க இப்படிப் போனா நாளைக்கு உங்க ஆசிரியர் சங்கமே வாசல்ல வந்து நிக்கும். முழுநாள் ஆசிரியை, முழுச் சம்பளம், அடுத்த மாசத்திலேருந்து. போதுமா?"

அவள் தலையசைத்தாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

உத்தரவைத் தட்டச்சு செய்த அனி வாசல்வரை கூடவே வந்தாள். "அஞ்சு வருஷமா இங்கே வேலை பாக்குறேன். ஒரு வார்த்தை பேசாம அவர்கிட்ட ஜெயிச்சது நீங்கதான். எப்படி இவ்வளவு தைரியம்?"

தனலட்சுமி பையிலிருந்து சிலேட்டை எடுத்து எழுதினாள்: 'தைரியமெல்லாம் இல்லை. அவர் முதலில் சொன்னதற்கே சரி என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். கத்திக் கத்திக் குரல் போய் நாலு நாளாகிறது.'

அனி சிரித்துவிட்டாள். "அப்போ நாலு நாளா பள்ளிக்கூடம் இல்லையா?"

தனலட்சுமி சிலேட்டைத் திருப்பிக் காட்டினாள். அந்தப் பக்கம் பெரிய எழுத்தில் இருந்தது: 'ஏழாம் வாய்ப்பாடு. எல்லோரும் சத்தமாகச் சொல்லுங்கள்.'